பெயரைக் கடைசியில் வைத்தவள்

பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதோடு அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது.

மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டே, "எங்க பையன் இப்பல்லாம் குடிக்கிறதில்ல ஆத்தா, தங்கமான பிள்ள" என்றாராம். இவள் தட்டைக் கையில் ஏந்தியபடியே, "எப்ப இருந்து?" என்று கேட்டிருக்கிறாள். அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டிருப்பாள், எனக்கு அந்தக் குரல் தெரியும். பெரியவர்கள் பேச்சை மாற்றுவதற்குள் மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டான்: "தைப்பூசத்துல இருந்து." அது மாசி மாதம் பிறந்து நாலாம் நாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவளே இதைச் சொல்லிச் சிரித்தாள். "அந்த ஆளு பொய் சொல்லலண்ணே. அது எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. எங்க அப்பாவுக்குத்தான் புடிக்கல."

தேனியில் பம்புசெட் மோட்டார் விற்கிற கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஏலக்காய்க் கடை என்று யார் கேட்டாலும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, சின்னமனூரில் ஒரு லாரி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குள்ளேயே இருந்த உதவிப் பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் புரோகிராம் எழுதப் பழகினேன். பட்டமெல்லாம் கிடையாது. அவளுக்கு இருந்தது. என்னைவிடப் பத்துப் பதினோரு வயது சின்னவள். கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். என்னை அண்ணே என்பாள், நான் தாயி என்பேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அவளுக்கு வேறு ஊர், வேறு வீடு.

ஒரு காரியம் கெட்டுப்போனால் நாமெல்லாம் முதலில் கேட்பது, "யாரு பண்ணது?" அவள் வாயில் அது வரவே வராது. "எப்ப இருந்து இப்படி?" என்பாள். அது தெரிந்ததும், "அன்னைக்கி என்ன மாறுச்சு?" என்பாள். டீக்கடையில் டீ தண்ணீராக இருக்கிறது என்று நாங்கள் மாஸ்டரைக் காய்ச்சிக்கொண்டிருந்தால், அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டர், வியாழக்கெழம வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?" என்பாள். பார்த்தால், வியாழக்கிழமைதான் பால்காரர் மாறியிருப்பார். மாஸ்டர் எங்களை ஒரு பார்வை பார்ப்பார். "படிச்ச பிள்ளன்னா இது. நீங்களும் இருக்கீகளே."

என் மகள் ஏழாவது படிக்கும்போது கணக்கில் மார்க் இறங்கிப்போனது. யாரோடு சேர்ந்து கெட்டாய் என்று வீட்டில் ஒரே சத்தம். நானும் போட்டேன், அவள் அம்மாவும் போட்டாள். மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே, "எப்ப இருந்துண்ணே?" என்றாள்.

"காலாண்டுக்குப் பெறகுதான்."

"காலாண்டுக்குப் பெறகு கிளாஸ்ல என்ன மாறுச்சு? டீச்சரா?"

"அதே டீச்சருதான்."

"எடம் மாத்துனாகளா?"

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உயரமாக வளர்ந்துவிட்டாள் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து போர்டில் எழுதியது தெரியவில்லை. சொன்னால் திட்டுவோம் என்று பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கண்ணாடி போட்டதும் மார்க் ஏறிவிட்டது. அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறபோதெல்லாம் நான் போட்ட சத்தம்தான் எனக்குக் கேட்கும்.

இப்படிப்பட்டவள் கையில் எங்கள் அலுவலகத்துப் புரோகிராம்கள் வந்து சேர்ந்தன. நாங்கள் அவற்றை வைத்திருந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்றைத் திருத்துவதற்கு முன்னால் அதை அப்படியே ஒரு நகல் எடுத்து, 'புதுசு' என்று பெயர் வைப்போம். அப்புறம் 'புதுசு 2'. அப்புறம் 'கடைசி'. அதற்கும் மேலே 'உண்மையான கடைசி'. முதலாளி பீரோவில் பிளாப்பி பிளாப்பியாகக் கிடக்கும். யார் எப்போது எதை மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது.

அவள் இரண்டு மாதம் அந்தப் பீரோவோடு குடித்தனம் நடத்தினாள். ஒவ்வொரு நகலாக எடுத்து, தேதி பார்த்து, ஆளைக் கேட்டு, வரிசையாக ஒரே இடத்தில் சேர்த்தாள். இனிமேல் யார் எதைத் திருத்தினாலும் சாயங்காலம் அங்கேதான் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது எதற்காகத் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதவும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். எழுதாவிட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. நாங்கள் சோம்பேறித்தனமாக 'சும்மா' என்று எழுதினால், மறுநாள் காலையில் அந்தத் தாளோடு வந்து நிற்பாள். "அண்ணே, இந்தச் சும்மா எதுக்கு?"

அதற்கு மேலேதான் அவள் வரிகளைப் பிடித்தாள். புரோகிராம் என்பது வரி வரியாக எழுதுவது. அதில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டுக் கேட்டால், அது என்று பிறந்தது, எதற்காக, யார் கையால் என்று சொல்ல வேண்டும். பெரிய ஊர்களில் இப்படியெல்லாம் இருக்கிறது என்று அவள் படித்திருந்தாள். எங்கள் இணைய இணைப்பில் ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்பதால், அவளே உட்கார்ந்து ஒன்று எழுத ஆரம்பித்தாள். நாங்கள் அதற்கு 'ஜாதகம்' என்று பெயர் வைத்தோம். "அந்த வரிக்கு ஜாதகம் பாரு தாயி" என்போம்.

ஜாதகத்தில் வரிக்கு வரி மூன்று கட்டம். முதலாளி ஆளின் பெயரை முதல் கட்டத்தில், சிவப்பில் போடச் சொன்னார். அவள் தேதியை முதலில் வைத்தாள், காரணத்தை நடுவில் வைத்தாள், பெயரைக் கடைசியில் சின்ன எழுத்தில் வைத்தாள்.

"பேரு மொதல்ல இருந்தா, அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாக சார்."

"பேரு தெரியத்தான இத்தன பாடு?"

"அதுவும் இருக்குல்ல சார், கடைசியில."

ஜாதகம் ஓடி ஒரு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எங்களுக்குப் பெரிய வாடிக்கையான ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது.

அங்கே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டு எங்கள் புரோகிராமில்தான் அச்சாகும். அளவு குறைவாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். பிறந்து அஞ்சு நாளான ஒரு பிள்ளைக்கு ரத்தம் குறைவு, ஆனால் நட்சத்திரம் விழவில்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போடும்போது கண்ணில் பட்டுக் கூப்பிட்டிருக்கிறார். காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வயதுக்கு ஏற்ற அளவைத் தேடுகிற வரி ஒன்று, அஞ்சு நாளை அஞ்சு வயது என்று எடுத்துக்கொண்டிருந்தது. அஞ்சு வயதுப் பிள்ளைக்குப் போதுமான ரத்தம் அஞ்சு நாள் பிள்ளைக்குப் பத்தாது. நாங்கள் திருத்தி அனுப்பும் வரை பச்சைப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டைத் தானே பார்த்துக்கொள்வதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி மேனேஜர் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் கேட்டார். யார் செய்த தப்பு, அந்த ஆள் இன்னும் உங்களிடம் வேலையில் இருக்கிறாரா என்று. முதலாளி எங்களை எல்லாம் நிற்க வைத்தார். "ஜாதகத்தப் போட்டுப் பாருங்க. யாரு பேரு வருதோ அவுக திங்கக்கெழம வர வேண்டாம்."

போட்டுப் பார்த்தாள். வந்தது என் பெயர்.

அந்த ஒரு வரிக்கு மட்டுமில்லை. அந்த ஃபைலில் இருந்த நாலாயிரம் வரிக்கும் என் பெயர்தான். பக்கத்தில் இருந்தவர், "ஊரையே வளைச்சுப் போட்டுட்டீகளேய்யா" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் செய்தது எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் வேலை குறைவாக இருந்த ஒரு நாள் அந்த ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி இடம் விட்டு, கோணல் மாணலாகக் கிடந்தது. டைப்ரைட்டிங்கில் பத்தி தொடங்கினால் அஞ்சு இடம் விட வேண்டும் என்று பிரம்படி வாங்கிப் படித்த கை இது. பொறுக்கவில்லை. உட்கார்ந்து நாலாயிரம் வரிக்கும் அஞ்சு அஞ்சு இடமாகச் சீராக்கிவிட்டேன். காரணக் கட்டத்தில், 'மார்ஜின் சரிசெய்தது' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன். ஜாதகத்துக்கு ஒரு வெற்றிடம் கூடினாலும் அது புது வரி. பழைய பிறப்பெல்லாம் அழிந்து, எல்லாம் என் வயிற்றில் பிறந்ததாக ஆகிவிட்டது.

"சார், நான் எடந்தான் விட்டேன், வேற ஒண்ணும் தொடல" என்றேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்த மனிதர். "எனக்குப் புரியுதுய்யா. அவுகளுக்கு எப்படிப் புரிய வைக்க? தாளுல உம்ம பேருதான இருக்கு" என்றார்.

நாற்பத்தொரு வயதில், பட்டம் இல்லாமல், இன்னொரு இடத்தில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? லாரி ஆபீசில்கூட இப்போது வேறு ஆள். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து மேசை டிராயரைச் சும்மா திறந்து திறந்து மூடினேன்.

அவள் எழுந்து முதலாளியிடம் போனாள். "சார், இந்தத் தாள அனுப்பாதீக. அண்ணனுக்காகச் சொல்லல. என் ஜாதகம் தப்பு. சனிக்கெழம வரைக்கும் நேரம் குடுங்க."

வெள்ளியும் சனியும் அவள் அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. நான் டீ வாங்கி வைப்பேன். அது ஆறும், வேறு வாங்கி வைப்பேன். எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி நடுநடுவே என்ன செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காமல் வரிகளை ஒப்பிட வைத்தாள். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா என்றாள். என் பெயர் நாலாயிரம் வரியிலிருந்தும் உதிர்ந்தது. ஆனால் அந்த வரி அதற்கும் முன்னால் வேறொரு ஃபைலிலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்தது. வைத்தவனும் நான்தான். ஜாதகம் திரும்பவும் என் பெயரையே காட்டியது.

"ஒரு வீட்டுல காணாமப் போன அன்னைக்கே இன்னொரு வீட்டுல வந்து நின்னா, அது பொறந்தது இல்லண்ணே. குடி வந்தது. பழைய வீட்டுல போய் விசாரிக்கணும்."

அப்படி விசாரிக்க வைத்தால் வேறு தொல்லை. 'முடிந்தது' என்று ஒரு சின்ன வரி எல்லா ஃபைலிலும் நூறு இடத்தில் இருக்கும். அது கண்ட வீட்டையும் தன் பிறந்த வீடு என்று சொல்லியது. ஒற்றை வரியை நம்பாதே, நாலு வரி சேர்ந்தாற்போல் ஒத்துப்போனால்தான் சொந்தம் என்று விதி வைத்தாள். அப்புறம் மூன்றா, நாலா, அஞ்சா என்று அவளுக்கும் அவளுக்குமே சண்டை. மூன்று வைத்தால் பொய்ச் சொந்தம் வருகிறது, அஞ்சு வைத்தால் உண்மைச் சொந்தம் விட்டுப்போகிறது. கடைசியில் நாலிலேயே நின்றாள்.

சனிக்கிழமை மூன்று மணி வாக்கில் அவள் கை நின்றுவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு ஏதோ ஃபைலைத் திறந்து, அதற்கும் ஜாதகம் போட்டாள். இரண்டு தாள் அச்செடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன்.

முதல் தாளை மேசையில் வைத்தாள். அந்த வரி பிறந்து நாலு வருஷமாகிறது. காரணம், 'வயதுக்குத் தக்க அளவு'. கடைசிக் கட்டத்தில் முதலாளியின் பெயர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வரி உங்களுது சார். ஆனா தப்பு உங்களுது இல்ல" என்றாள். "நீங்க போட்டப்ப அங்கன பிரசவ வார்டே கெடையாது. வயசுன்னா வருசந்தான். வரி சரியாத்தான் இருந்துச்சு. பெறகு பிரசவ வார்டு வந்தப்ப, நாளா, மாசமா, வருசமான்னு குறிக்க வயசுப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி போட்டோம்ல. அது நான் போட்டது. போட்டவ இந்த வரியப் போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. ஜாதகம் அந்தந்த வரியத்தான் பாக்கும் சார். பக்கத்துல என்ன வந்து சேந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நம்மதான் பாக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் திரும்பாமலே கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"அப்ப திங்கக்கெழம நீ வர மாட்டேங்கிற" என்றார் முதலாளி.

"வரல சார். அதுக்கு முந்தி இதப் பாருங்க."

இரண்டாவது தாள் பிள்ளைகளின் பட்டியல். அந்தப் பெட்டி புரோகிராமுக்குள் வந்த தேதி ஜாதகத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து வியாழக்கிழமை வரை, நாள் கணக்கில் வயது போட்டு அச்சான ரிப்போர்ட்டுகளை, தப்பைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரி வியாழக்கிழமை கொடுத்த நகலிலிருந்து எடுத்திருந்தாள். நட்சத்திரம் விழுந்திருக்க வேண்டியவை, டாக்டரம்மா கண்டுபிடித்ததைத் தவிர, இன்னும் மூன்று. மூன்றும் வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகள்.

வியாழக்கிழமையிலிருந்து நாங்கள் ஆறு பேரும் ஒரு பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். மேனேஜரும் அதைத்தான் கேட்டார். இந்த மூன்று பிள்ளைகளை ஒருவரும் நினைக்கவில்லை.

முதலாளி பட்டியலை இரண்டு தடவை படித்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மூன்று விலாசத்தையும் சொன்னார். அப்புறம் லெட்டர்பேடை இழுத்து, மேனேஜருக்கு அவரே கைப்பட எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார்.

"யாரு பேரு சார் எழுதுனீக?" என்று அவள் கேட்டாள்.

"வரி என்னுது. பெட்டி உன்னுது. தூக்கி வச்சது இவரு. மூணு பேரையும் அனுப்பிட்டு நான் கீழ மோட்டார் கடையில போயி உக்காரவா? கம்பெனி என் பேருலதான இருக்கு, அந்தப் பேருதான் எழுதியிருக்கேன். போ, போயி அந்த வரியத் திருத்து."

இரண்டு வீட்டுக்குப் போன் இருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்தே பேசிவிட்டார்கள். மூன்றாவது விலாசம் பொட்டிப்புரம். போன் இல்லை. தபால் போடுவதாகச் சொன்னார்கள். "தபால் போக மூணு நாளாகும்ணே" என்றாள். மறுநாள் காலை இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

அம்பரப்பர் மலையைப் பார்த்த வீடு. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையின் தாய் மட்டும் இருந்தாள், இருபது வயது இருக்கும். வீட்டுக்காரர் மேலே ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கிறார், அம்மா காட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் உள்ளே போய் பாலித்தீன் பையில் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தாள்.

"எல்லாம் நல்லாருக்குன்னுதான சொன்னாக? இந்தா தாளு."

"அந்தத் தாளு தப்பா வந்துருச்சும்மா" என்றேன். "பிள்ளைக்கு ரத்தம் கம்மி. இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொன்னாக."

"கம்ப்யூட்டர்ல அடிச்ச தாளு எப்படித் தப்பா வரும்?" அவள் குரல் உயர்ந்தது. "ரெண்டு நாளா பாலு குடிக்க மாட்டேங்கிறான். நான் கெடந்து பதறுறேன். எங்க அம்மா, தாளுல நல்லாத்தான இருக்குங்கிது. யாரு பண்ண வேல இது?"

நான் பஸ்ஸில் வரும்போதே இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆபீசில் ஒரு சின்னக் குழப்பம், மிஷின் கோளாறு, அந்த மாதிரி. "அது என்னன்னாம்மா" என்று தொடங்கினேன்.

"நான்தான்" என்றாள் இவள்.

தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரைச் சொன்னாள். கெங்குவார்பட்டி என்று ஊரையும் சொன்னாள். "அந்தத் தாள அடிக்கிற வேலை என்னுது. ஒண்ணப் பாக்காம விட்டுட்டேன். அதனாலதான் தப்பா வந்துச்சு."

அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே தொட்டிலில் பிள்ளை முனகியது, அழக்கூடத் தெம்பில்லாத முனகல். அவள் போய் அவனைத் துணியோடு எடுத்து வந்தாள். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எனக்குத் தையல் இன்னும் ஆறல. பஸ்ஸுக்கு அம்புட்டுத் தூரம் தூக்க மாட்டேன்" என்றாள். "நீயே தூக்கு."

அன்று மத்தியானமே ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை தேறிவிட்டான், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியையே கத்திக் கலக்கினான். ஆனால் என் கண்ணில் நிற்பது அந்த மண்பாதைதான். அவள் அதுவரைக்கும் அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தூக்கியதில்லை. கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் தாய், வயிற்றைப் பிடித்தபடி.

"தலையத் தாங்கிப் புடி" என்றாள் தாய். "அவனுக்குக் கழுத்து இன்னும் நிக்கல."

இவள் கையை மேலே நகர்த்தித் தலையைத் தாங்கினாள்.

"ஆங், அப்படித்தான். வெரசா நட."